உயிரணுவின் வாயிலில் ஒரு மணி
(ஹெர்-2 ஏற்பிப் புரதமும் மார்பகப் புற்றுநோயும்)

புதுக்கோட்டை மண் தமிழகத்திற்கு ஈந்த பெருமக்களுள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தலையாயவர். 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் இவ்வூரில் பிறந்த அவர், இங்குள்ள மன்னர் கல்லூரியில் பயின்ற முதல் மாணவி. ஆடவர் பயிலும் வகுப்பில் ஒரு பெண்ணும் அமர்ந்து படிப்பதா என்று எழுந்த எதிர்ப்பினைப் பொருட்படுத்தாமல், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு இடமளித்தார். 1912ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அம்மையார், தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று மறைந்ததைக் கண்ணெதிரே கண்டவர். அத்துயரம் அவர் உள்ளத்தில் ஓர் உறுதியாக வளர்ந்தது. 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்த வரலாற்றை நாடறியும்.

அக்காலத்தில் புற்றுநோய் என்றால் ஒரே நோய் என்றே பொதுமக்கள் எண்ணினர். வந்தால் மீள வழியில்லை என்றே நம்பினர். மருத்துவர்க்கும் கட்டியின் இடமும் அளவும் பரவிய எல்லையுமே பெரிதும் வழிகாட்டின. இன்றோ, மார்பகக் கட்டியொன்றின் திசு ஆய்வு அறிக்கையைக் கையில் வாங்கினால், அதன் அடியில் 'ஹெர்-2' என்றொரு சொல்லும், அதனருகே ஓர் எண்ணும் காணப்படுகின்றன. அந்த எண்ணே சிகிச்சையின் போக்கை மாற்றிவிடுகிறது. அறிக்கையைப் பெறும் குடும்பத்தார் பலர்க்கு அச்சொல்லின் பொருள் விளங்குவதில்லை. ஹெர்-2 என்பது யாது? அதனை ஆய்வுக்கூடத்தில் ஏன் செய்கின்றனர்? எவ்வாறு செய்கின்றனர்? அதனால் நம் வீட்டுப் பெண்களுக்கு விளைந்த நன்மை என்ன? இவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏற்பி என்பது யாது?

மனித உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணுவை ஒரு வீடாகக் கொள்வோமாயின், அதனைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வே அவ்வீட்டின் மதில். இரத்தத்தின் வழியாகவும் திசுநீரின் வழியாகவும் பற்பல தூதுப் பொருள்கள் அம்மதிலை நாடி வருகின்றன. 'வளர்க', 'பிரிந்து பெருகுக', 'ஓய்ந்திரு' என்னும் ஆணைகளை ஏந்தி வருபவை அவை. ஆயினும் அவற்றுள் பல மதிலைக் கடந்து உள்ளே செல்ல இயலாதவை.

இந்நிலையில் செய்தி உள்ளே சேர்வது எங்ஙனம்? வீட்டு வாயிலில் மணியொன்று கட்டப்பட்டு, அதன் கயிறு வெளியே தொங்குவதாக எண்ணிப் பாருங்கள். வந்தவர் உள்ளே நுழையவில்லை. கயிற்றை மட்டும் இழுக்கிறார். மணி உள்ளே ஒலிக்கிறது. வீட்டார் செயற்படுகின்றனர். உயிரணுவின் சவ்வில் இவ்வாறு அமைந்துள்ள மணியே 'ஏற்பிப் புரதம்' எனப்படும். அதன் ஒரு பகுதி வெளியே நீண்டிருக்கும். ஒரு சிறு பகுதி சவ்வினை ஊடுருவி நிற்கும். எஞ்சிய பகுதி உள்ளே இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் உரிய தூதர் வேறு. இன்சுலினுக்குரிய ஏற்பியை வேறொரு தூதுப்பொருள் எளிதில் இயக்கிவிட முடியாது.

நான்கு உடன்பிறப்புகள்

உயிரணுக்களை வளரத் தூண்டும் ஏற்பிகளுள் 'ஹெர்' என்பது ஒரு குடும்பம். 'மனித மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பி' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர் இது. ஹெர்-1 முதல் ஹெர்-4 வரை இக்குடும்பத்தில் நால்வர் உளர். இவை தனித்து நின்று பணிபுரிவதில்லை. இரண்டிரண்டாக இணைந்தே உள்ளே செய்தி அனுப்புகின்றன.

இவற்றுள் ஹெர்-2 ஒரு விந்தையான பிறவி. 1,255 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட மாலை அது. அதில் ஏறத்தாழச் சரிபாதி உயிரணுவுக்கு வெளியே நிற்கிறது. ஏனைய உடன்பிறப்புகளுக்குத் தூதர் உண்டு. ஹெர்-2க்கு உரிய தூதர் எவரும் இதுவரை கண்டறியப்படவில்லை. அழைப்பவர் இல்லாத அழைப்புமணி அது! ஆயினும் உடன்பிறப்புகளோடு சேரும்போது அவற்றின் ஒலியை மிகுவிப்பதில் அதற்கு நிகர் அதுவே.

இப்புரதத்திற்குரிய மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளது. தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு படிகள் இருப்பது இயல்பு. அவ்வளவில் உயிரணுவின் மேற்பரப்பில் இருபதாயிரம் அளவிலான ஹெர்-2 ஏற்பிகள் அமைகின்றன. அவை அளவோடு ஒலித்து அளவோடு அடங்குகின்றன. சில மார்பகக் கட்டிகளிலோ, இம்மரபணு தவறுதலாகப் பன்மடங்கு படியெடுக்கப்பட்டுவிடுகிறது. ஏற்பிகளின் எண்ணிக்கை இருபது இலட்சம் வரை பெருகுகிறது. வாயிலெங்கும் மணிகள் நெருங்கித் தொங்கினால் கயிற்றை இழுக்க ஆள் எதற்கு? ஒன்றோடொன்று மோதி அவை இடையறாது ஒலிக்கும். உயிரணுவும் ஓய்வின்றிப் பிரிந்து பெருகும். இதுவே ஹெர்-2 மிகுந்த புற்றுநோயின் உள்ளியல்பு.

கண்டறிந்த கதை

1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் இராபர்ட் வைன்பர்க் ஆய்வுக்குழுவினர் எலியின் நரம்புக் கட்டியொன்றில் இதன் மாறுபட்ட மரபணுவைக் கண்டு 'நியூ' என்று பெயரிட்டனர். 1985இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் பணியாற்றிய செர்மானிய அறிஞர் ஆக்செல் உல்ரிக் குழுவினர் மனிதரிடத்துள்ள ஹெர்-2 மரபணுவை முழுமையாகப் படித்தறிந்தனர். ஆயினும் அம்மரபணுவுக்கும் மனிதரின் நோய்க்கும் என்ன தொடர்பு என்பது அப்போது விளங்கவில்லை.

விளங்கவைத்தவர் கலிபோர்னியாவின் மருத்துவர் டென்னிஸ் சிலாமன். அவரும் உல்ரிக்கும் உடன் ஆய்ந்தோரும் 189 பெண்களின் மார்பகக் கட்டிகளைச் சோதித்து, அவற்றுள் நூற்றுக்கு முப்பதில் இம்மரபணு பெருகியிருப்பதை 1987இல் வெளியிட்டனர். படிகள் மிகுந்திருந்த பெண்களிடம் நோய் விரைவில் மீண்டது. அவர்தம் வாழ்நாளும் குறைந்தது. மரபணுவின் பெருக்கமே வாழ்நாளின் சுருக்கத்தைக் காட்டும் குறியாக நின்றது. பின்வந்த ஆய்வுகளின்படி, மார்பகப் புற்றுநோயுற்றோருள் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேரிடம் இந்நிலை காணப்படுகிறது.

ஈண்டு ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். 'மரபணு' என்னும் சொல்லைக் கேட்டவுடன், தாய்க்கு வந்தது மகளுக்கும் வந்தே தீரும் என்று அஞ்சுவோர் உளர். பெண்ணின் திருமணப் பேச்சில்கூட இவ்வச்சம் குறுக்கே வருவதுண்டு. ஹெர்-2 மரபணுப் பெருக்கம் கட்டியிலுள்ள உயிரணுக்களில் மட்டும் பிற்காலத்தே நேர்ந்த பிழையாகும். அது பிறவியில் வருவதன்று. பிள்ளைகளுக்கு வழிவழியாகச் செல்வதுமன்று. பரம்பரையாக வரும் மரபணுக் குறைகளால் தோன்றும் மார்பகப் புற்றுநோய் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே. அவற்றில் தொடர்புடையவை பிராக்கா-1, பிராக்கா-2 முதலிய வேறு மரபணுக்களாகும்.

ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் மனிதப் புரதம்

ஒரு மணியின் இயல்பை அறிய வேண்டுமானால் அதனைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஆனால் ஏற்பிப் புரதத்தைச் சவ்விலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று. கிடைப்பதும் மிகச் சிறிதளவே. இத்தடையைத் தகர்த்தது மறுசேர்க்கை டி.என்.ஏ. தொழில்நுட்பம். 1973இல் கோஹன், பாயர் என்னும் இருவர், ஓர் உயிரின் மரபணுத் துண்டை மற்றோர் உயிரின் மரபணுவோடு ஒட்டிப் பாக்டீரியாவில் பெருக்கும் வழியைக் காட்டினர். அவ்வழியில் 1978இல் மனித இன்சுலின் பாக்டீரியாவில் செய்யப்பட்டு, 1982இல் மருந்தாகவும் வந்தது. அதுகாறும் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. உண்ணும் உணவிலும் உட்கொள்ளும் மருந்திலும் விலக்கப்பட்டவற்றைக் கருதி நடப்போர்க்கு அது தந்த மனத்தடையை நம் மூத்தோர் அறிவர்.

ஹெர்-2 புரதமோ இன்சுலினைப் போலச் சிறியதன்று. அதன் வெளிப்பகுதியில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். மாலையின் பல இடங்களைக் கந்தக இணைப்புகள் முடிந்துவைத்திருக்கும். பாக்டீரியா இந்நுணுக்கங்களைச் செவ்வனே செய்யும் ஆற்றல் அற்றது. ஆகவே பாலூட்டிகளின் உயிரணுக்களை நாட வேண்டியதாயிற்று. 1957இல் சீன வெள்ளெலியின் கருவகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இன்றளவும் ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு வரும் உயிரணு மரபு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

செய்முறை வருமாறு: மனித ஹெர்-2 மரபணுவில் வெளிப்பகுதிக்குரிய எழுத்துகளை மட்டும் பிரித்தெடுக்கின்றனர். சவ்வில் பொருந்தும் பகுதியும் உட்பகுதியும் நீக்கப்படுவதால், உருவாகும் புரதம் சவ்வில் ஒட்டிக்கொள்ளாது, வளர்ப்பு நீரில் கரைந்து வெளிவரும். அதன் வாலில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஆறினை அடுத்தடுத்துச் சேர்ப்பர். இது ஓர் அடையாள முடிச்சு. வடிவமைத்த மரபணுவை வெள்ளெலி உயிரணுக்களில் செலுத்தி, ஊட்டநீரில் வளர்க்கின்றனர். சில நாள்களில் உயிரணுக்கள் மனிதப் புரதத்தைச் செய்து நீரில் விடுகின்றன. நிக்கல் ஏற்றிய குழாயொன்றின் வழியே அந்நீரைச் செலுத்தினால், ஹிஸ்டிடின் முடிச்சு நிக்கலைப் பற்றிக்கொள்ளும், ஏனையவை ஓடிவிடும். பின்னர்ப் பொருத்தமான கரைசலால் கழுவி, தூய புரதத்தை மட்டும் திரட்டுவர். மின்புலத்தில் ஓடவிட்டு அதன் எடையையும் தூய்மையையும் சோதித்து, உறையவைத்து உலர்த்திச் சிறு குப்பிகளில் அடைப்பர். ஒரு குப்பியில் நூறு மைக்ரோகிராம் இருக்கலாம். அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு!

'மனிதப் புரதம்' என்பதால் எவருடைய உடலிலிருந்தும் அது எடுக்கப்படுகிறதோ என்று ஐயுற வேண்டா. மனிதரிடமிருந்து பெறப்பட்டது எழுத்து மட்டுமே. எழுதும் கையும் தாளும் வேறு.

அக்குப்பியால் விளைந்த பயன்

குப்பியின்மேல் 'ஆய்வுக்கு மட்டும்' என்று பொறிக்கப்பட்டிருக்கும். அது மருந்தன்று, எவர் உடலிலும் செலுத்தத்தக்கதன்று. மருந்தைச் சோதிக்கும் உரைகல் அது. பொன்னின் மாற்றறிய உரைகல் வேண்டும். உரைகல்லை எவரும் அணிவதில்லை அன்றோ!

அதன் முதற்பயன், ஏற்பியின் வடிவத்தை அறிதல். 2003இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வாறு செய்த ஹெர்-2 வெளிப்பகுதியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் அதன் வடிவத்தை வரைந்து காட்டினர். ஏனைய உடன்பிறப்புகள் தூதர் வரும்வரை கையை மடக்கி வைத்திருக்கின்றன. ஹெர்-2 மட்டும் எப்போதும் கையை நீட்டியே நிற்கிறது. தூதர் இன்றியும் அது இணையத் தயங்காதது ஏன் என்னும் நெடுநாள் வினாவுக்கு அப்படமே விடை கூறிற்று.

புரத வடிவங்களை ஆராயும் இத்துறையில் தமிழகத்தின் பங்கு சிறிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், தம்முடன் ஆய்ந்த சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். அமினோ அமில மாலை எவ்வெக் கோணங்களில் வளைய இயலும், எவற்றில் இயலாது என்பதை அது காட்டும். உலகில் எங்கு எப்புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அது சரியா என்பதை 'இராமச்சந்திரன் வரைபட'த்தில் இட்டுப் பார்ப்பது இன்றும் வழக்கம். ஹெர்-2வும் அதற்கு விலக்கன்று. புதுக்கோட்டையில் பிறந்த அம்மையாரின் மருத்துவமனையும், இவ்வரைபடம் பிறந்த வளாகமும் சென்னையில் அருகருகே அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்க பொருத்தமாகும்.

இரண்டாம் பயன், மருந்தினைச் சோதித்தல். ஹெர்-2 ஏற்பியின் வெளிப்பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருள் ஒன்றினை முதலில் எலியின் உயிரணுக்களைக் கொண்டு செய்தனர். எலிப்புரதம் மனித உடலில் ஏலாது என்பதனால், 1992இல் அதன் பற்றும் முனையை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதை மனித வடிவுக்கு மாற்றினர். 'டிராஸ்டுசுமாப்' என்னும் அம்மருந்து 1998ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது மணிக்கயிற்றின் அடிப்பகுதியைப் பற்றி ஒலியை அடக்குகிறது. 'பகை இங்குளது' என்று உடலின் காவற்படைக்கும் காட்டிக்கொடுக்கிறது. தொடக்க நிலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு வேதி மருந்துகளோடு இதனையும் தந்தபோது, நோய் மீளும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பதை 2005இல் வெளியான ஆய்வுகள் நிறுவின. ஒரு காலத்தில் கேடு சூழ்ந்ததாகக் கருதப்பட்ட ஹெர்-2 மிகுநிலை, இன்று குறிபார்த்து மருத்துவம் செய்யத்தக்க நிலையாக மாறிவிட்டது.

மூன்றாம் பயன், மருந்தின் விலையைக் குறைத்தல். மூல மருந்தின் விலை எளியோர்க்கு எட்டாததாக இருந்தது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2014இல் அதன் ஒப்பு மருந்தை இந்தியாவில் கொணர்ந்தது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஒப்பு மருந்து மூல மருந்துக்கு ஈடானதுதானா என்பதை எவ்வாறு அறிவது? இரண்டையும் அதே ஹெர்-2 புரதத்தின்மேல் விட்டு, எது எவ்வளவு வலிவாகப் பற்றுகிறது என்று அளந்து பார்த்தல் இன்றியமையாத சோதனைகளுள் ஒன்று. அந்தச் சிறு குப்பி நடுநிலை பிறழாத துலாக்கோலாய் நின்று தீர்ப்பு வழங்குகிறது. 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் இம்மருந்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

அறிக்கையைப் படிக்கும் முறை

இனி, நம் கைக்கு வரும் அறிக்கையைக் காண்போம். கட்டியிலிருந்து எடுத்த திசுவில் ஹெர்-2வைக் காட்டும் சாயமேற்றி, அதன் செறிவுக்கேற்ப 0, 1+, 2+, 3+ என்று மதிப்பிடுவர். 3+ எனில் ஏற்பி மிகுந்துள்ளது; மேற்கூறிய மருந்து பயன்தரும். 0 அல்லது 1+ எனில் மிகவில்லை. 2+ எனில் ஐயநிலை. மரபணுப் படிகளை நேரே எண்ணிப் பார்க்கும் 'ஃபிஷ்' என்னும் மேற்சோதனை வேண்டும். இதனைச் செய்யாமல் விட்டுவிடுதல் கூடாது. ஏற்பி குறைவாக உள்ள சிலர்க்கும் பயன்தரும் புதுவகை மருந்தொன்று 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுள்ளதால், 1+ என்பதும் இன்று புறக்கணிக்கத்தக்க எண்ணன்று.

டிராஸ்டுசுமாப் எல்லார்க்கும் உரிய மருந்தன்று. ஏற்பி மிகாதவர்க்கு அதனைத் தருவது பொருளிழப்பேயன்றிப் பயனில்லை. சிலருக்கு இதயத்தின் வலிமையை அது குறைக்கக்கூடும் என்பதனால், சிகிச்சைக்கு முன்னும் இடையிடையேயும் இதயச் சோதனை செய்வர்.

காலத்தே வருதல்

அறிவியல் இவ்வளவு வளர்ந்தும் ஓர் இடத்தில் அது கைகட்டி நிற்கிறது. நோயுற்றவர் வந்து சேரும்வரை அதனால் செய்யக்கூடியது ஏதுமில்லை. இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இன்று மார்பகப் புற்றுநோயே. தொடக்கத்தில் அது வலிப்பதில்லை. வலியில்லாத கட்டியை எவரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்ற நாணத்தால், தாயிடமும் கணவரிடமும்கூடக் கூறாது மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் பெண்கள் நம் ஊர்களில் உள்ளனர். புண்ணாகிய பின்னரே செய்தி வெளிப்படுகிறது. அப்போது கையிலிருக்கும் மருந்தும் முழுப்பயன் தருவதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபா நகரில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, தம் மருத்துவக் களஞ்சியத்தில் புற்றுநோயைப் பற்றியும் எழுதியுள்ளார். சிறிதாக இருக்கும் தொடக்க நிலையிலேயே அதனை அகற்ற இயலும் என்பதும், முற்றிப் பெருத்தபின் அதனைத் தொடுதல் தகாது என்பதும் அவர்தம் கருத்து. முற்றிய நிலையில் தாம் எவரையும் குணப்படுத்தியதில்லை என்று மறையாது ஒப்புக்கொண்ட நேர்மையாளர் அவர். ஏற்பியும் மரபணுவும் அறியப்படாத காலத்தில் அவர் கண்ட அவ்வுண்மை இன்றும் மாறவில்லை.

குடும்பத்துப் பெரியோர்கள் இதில் ஆற்ற வேண்டிய கடமை ஒன்று உண்டு. மார்பில் கட்டி, தோலில் சுருக்கம், காம்பில் கசிவு அல்லது உட்புறம் இழுத்தல், அக்குளில் நெறி ஆகிய இவற்றுள் எது கண்டாலும் உடனே கூறலாம், அதில் வெட்கத்திற்கு இடமில்லை என்னும் துணிவை வீட்டுப் பெண்களுக்கு ஊட்டுவதே அக்கடமை. பெண் மருத்துவரையே காண விரும்பின் அதற்கும் இன்று வழியுண்டு. நம் மாவட்டத்திலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் உடன் கூறுதல் நலம். அச்சம் அகன்றால்தான் கால் மருத்துவமனையை நோக்கி நடக்கும்.

மாணவர்க்கும் ஒரு சொல். மரபணுவைப் படித்தவர், புரதத்தை வடித்தவர், வடிவத்தை வரைந்தவர், மருந்தைச் செய்தவர், விலையைக் குறைத்தவர் எனப் பலர் கைகோத்ததன் பயனே அறிக்கையில் உள்ள அந்த ஒற்றை எண். இத்துறைகள் அனைத்தும் நம் கல்லூரி மாணவர்க்கும் மாணவியர்க்கும் திறந்தே உள்ளன. ஒரு பெண்ணுக்கு வகுப்பறையில் இடமில்லை என்று இவ்வூரார் அன்று கதவடைத்திருப்பின், அடையாற்றில் அந்த மருத்துவமனை எழுந்திருக்குமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உயிரணுவின் வாயிலில் ஒலிக்கும் மணியை அறிவியல் கேட்டுவிட்டது. அதனை அடக்கவும் கற்றுக்கொண்டது. நம் இல்லத்தின் வாயிலில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கூறும் சொல்லை நாம் காலத்தே கேட்போமாக.